தன்னுரிமைக் கொள்கையும் நீதியும்

நீதி என்பது யாது என்ற வினாவிற்கு விடை காண முயன்ற அறிஞர்களை இரு சாராராகப் பகுக்கலாம். ஒரு சாரார், ஒரு சமுதாயத்தைக் கண்டவுடன் அங்கே யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பர். ஒருவன் மாளிகையில் வாழ, அடுத்த தெருவிலே மற்றொருவன் ஒழுகும் குடிசையில் வாடுவானாயின், அச்சமுதாயத்தில் நீதி குன்றியிருக்கிறது என்று கூறுவர். மற்றொரு சாரார் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறமாட்டார்கள். மாளிகைக்காரனுக்கு அந்த மாளிகை எவ்வழியில் வந்தது என்று அவர்கள் கேட்பார்கள். உழைத்துப் பெற்றானா, விரும்பிக் கொடுத்தவரிடமிருந்து பெற்றானா, அல்லது பறித்துக்கொண்டானா என்று ஆராய்வார்கள். நேரிய வழியில் வந்த பொருளைத் தொட அரசாங்கத்திற்கும் உரிமை இல்லை என்பது அவர்கள் துணிபு. நேர்மையற்ற வழியில் வந்த பொருளோ, அரசன் கையெழுத்திட்ட பட்டயமே இருந்தாலும், வைத்திருப்பவனுடையது ஆகாது. இந்த இரண்டாம் சாராரின் கொள்கையைத்தான் தன்னுரிமைக் கொள்கை என்ற பெயரால் இங்கே விளக்க எடுத்துக்கொண்டேன். ஆங்கிலேயர் இதனை லிபர்டேரியனிசம் என்பர்.

இக்கொள்கையைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது இரண்டு எண்ணங்களை நான் அடிக்கடி கேட்கிறேன். சிலர் இதனைச் செல்வர்கள் தமக்காகச் செய்துகொண்ட கவசம் என்கிறார்கள். வேறு சிலர், யாரும் யாரையும் கேள்வி கேளாமல் அவரவர் விருப்பம்போல் வாழும் உயர்ந்த நெறி என்று இதனைப் போற்றுகிறார்கள். இதன் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் அரைகுறையான கருத்துகள் என்பது விளங்கும். உடையவனைக் காக்க எழுந்த இக்கொள்கை, தன்னை முழுமையாக ஏற்றுக்கொள்பவனிடம் ஒரு கடினமான கேள்வியையும் கேட்கிறது. அந்தக் கேள்வி எவ்வாறு பிறந்தது, எத்தனை முறை அது தட்டிக்கழிக்கப்பட்டது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

இக்கொள்கையின் வேர்களில் ஒன்று லண்டன் மாநகரின் சிறைக்கூடம் ஒன்றில் இருக்கிறது. 1646-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மன்னனுக்கும் பாராளுமன்றத்திற்கும் நடந்த போர் ஒருவாறு ஓய்ந்திருந்தது. மன்னன் தோற்றான், ஆனால் வென்ற பாராளுமன்றமோ தன்னை எதிர்த்து எழுதியவர்களைச் சிறையில் அடைக்கத் தொடங்கிற்று. அவ்வாறு பிரபுக்கள் சபையின் ஆணையால் நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டவர்களுள் ரிச்சர்டு ஓவர்ட்டன் என்பவர் ஒருவர். அவர் சிறையிலிருந்துகொண்டே, கொடுங்கோலர் அனைவர்மீதும் எய்த அம்பு என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு மனிதனும் இயற்கையாகவே தனக்குத் தானே உடைமையானவன். அந்த உடைமையை அவன் இசைவின்றி எவரும் கவர இயலாது என்பது அந்நூலின் சாரம். நிலமும் பொன்னும் உடைமை என்பதை உலகம் அறியும். மனிதனின் உடலும் உள்ளமும் அவனுடைய உடைமை என்று ஓவர்ட்டன் கூறியதுதான் புதுமை. பொருளில்லாத ஏழைக்கும் பறிக்கவொண்ணாத உடைமை ஒன்று உண்டு என்று அதனால் ஆயிற்று.

ஓவர்ட்டனும் அவர் தோழர் ஜான் லில்பர்னும் சேர்ந்திருந்த கூட்டத்தாரைப் பகைவர்கள் ‘லெவலர்கள்’ என்று அழைத்தார்கள். எல்லாரையும் மட்டப்படுத்துபவர்கள் என்பது இதன் பொருள். லில்பர்ன் அதற்கு முன்பே, 1638-இல், அனுமதியில்லாத நூல்களை நாட்டிற்குள் கொண்டுவந்தார் என்ற குற்றச்சாட்டிற்காகத் தெரு வழியே சாட்டையடி பட்டவர். 1647-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பட்னி என்னும் ஊரின் தேவாலயத்திலே படைவீரர்களும் படைத்தலைவர்களும் ஒன்றாக அமர்ந்து நாட்டின் எதிர்கால அமைப்பைப் பற்றி வாதிட்டார்கள். லெவலர்கள் முன்வைத்த ‘மக்கள் உடன்படிக்கை’ என்னும் ஏடு சில செய்திகளில் எந்தப் பாராளுமன்றமும் தலையிடலாகாது என்று வரையறுத்தது. சமயத்தில் கட்டாயம் கூடாது. போருக்குக் கட்டாயமாக ஆள் பிடித்தல் கூடாது. சட்டம் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சிக்கும் எல்லை உண்டு என்ற எண்ணத்தை இங்கே தெளிவாகக் காண்கிறோம். 1649-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வியக்கத்தைச் சார்ந்த படைவீரர் மூவர் பர்போர்டு என்னும் ஊரின் தேவாலய முற்றத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அத்துடன் இயக்கத்தின் வலிமை ஒடுங்கிற்று.

அதே 1649-ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஜெரார்டு வின்ஸ்டன்லி என்பவரும் ஏழை மக்கள் சிலரும் சர்ரே மாவட்டத்தில் ஒரு குன்றின்மேல் புறம்போக்கு நிலத்தைக் கொத்திப் பயிரிடத் தொடங்கினார்கள். நிலம் அனைவர்க்கும் பொதுவான கருவூலம் என்பது அவர்கள் கொள்கை. லெவலர்களோ, பிறர் சொத்தை மட்டப்படுத்துவது எம் நோக்கமன்று என்று அறிக்கையிட்டவர்கள். மனிதன் தனக்குத் தானே உடைமை என்பதில் இரு சாராரும் வேறுபடவில்லை. மனிதன் செய்யாத நிலம் எவ்வாறு ஒருவனுக்கு மட்டும் உடைமையாயிற்று என்பதில்தான் பிளவு ஏற்பட்டது. இந்த நிலச் சிக்கல் இக்கொள்கையை இன்றுவரை தொடர்ந்து வருகிறது.

இதற்கு விடை கூற முயன்றவர் ஜான் லாக் என்னும் தத்துவ ஞானி. 1689-ஆம் ஆண்டின் இறுதியில் தம் பெயரைக் குறிப்பிடாமலே அவர் வெளியிட்ட ஆட்சி பற்றிய நூலில் ஒரு வழி காட்டினார். என் உடல் என்னுடையது. ஆதலின் என் உழைப்பும் என்னுடையது. யாருக்கும் உரிமையில்லாத நிலத்தில் என் உழைப்பைக் கலந்தேனாயின் அந்நிலமும் என்னுடையதாகும் என்பது அவர் வாதம். ஆனால் இதற்கு அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். நான் எடுத்துக்கொண்டது போக, பிறர்க்கும் போதுமான அளவில், அதே தரத்தில், மிச்சம் இருத்தல் வேண்டும். லாக்கின் வாதத்தை மேற்கோள் காட்டுவோர் பலர். நிபந்தனையை நினைவிற் கொள்வோர் சிலரே.

லாக்கின் வாழ்க்கையே அவர் கொள்கைக்கு ஒரு சோதனையாக அமைந்தது. ஒவ்வொரு மனிதனும் தன்னுடலுக்குத் தானே உரியவன் என்று எழுதிய அப்பெருமகன், அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்திற்காக 1669-இல் எழுதப்பட்ட அமைப்புச் சட்டம், அடிமைகள்மீது எசமானர்களுக்கு முழு அதிகாரம் அளித்தது. அதன் உருவாக்கத்தில் லாக் செயலாளராக உடனிருந்தார். இதனால் அவருடைய கொள்கை பொய்யாகிவிடாது. கொள்கையைக் கூறுவது எளிது, அதனை எல்லா மனிதர்க்கும் பொருத்துவது அரிது என்பதற்கு இது சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கொள்கையை மிக விரிவாக எழுதியவர் ஹெர்பர்ட் ஸ்பென்ஸர். இளமையில் ரெயில்வே பொறியியலில் வேலை பார்த்தவர், பின்னர்ப் பத்திரிகையாளர். 1851-இல் வெளிவந்த ‘சோஷியல் ஸ்டாட்டிக்ஸ்’ என்ற அவர் நூல், நீதி அனைத்தையும் ஒரே விதியில் அடக்க முயன்றது. பிறருடைய சமமான சுதந்திரத்திற்கு இடையூறு செய்யாத வரையில் ஒவ்வொருவனும் தான் விரும்பியதைச் செய்யலாம் என்பதே அவ்விதி. இதிலிருந்து பெண்களுக்கும் ஆண்களோடு ஒத்த உரிமை உண்டு என்று அவர் முடிவு கண்டார். விரும்பாத குடிமகன் அரசின் பாதுகாப்பையும் வரியையும் ஒருங்கே துறந்து விலகி நிற்கலாம் என்றும் எழுதினார்.

அந்நூலின் ஒன்பதாம் அதிகாரம் வாசிப்போரை இன்றும் திடுக்கிடச் செய்யும். சம சுதந்திரம் என்ற அதே விதியைக் கொண்டு, நிலத்தைத் தனியார் உடைமையாக வைத்திருப்பது நீதியாகாது என்று ஸ்பென்ஸர் அங்கே நிறுவினார். உலகம் முழுவதும் சிலருக்கே உடைமையானால், ஏனையோர் அவர்கள் இசைவின்றிக் கால் ஊன்றவும் இடமில்லாது போகும் அன்றோ? நிலப்பத்திரங்களின் மூலத்தைத் தேடிச் சென்றால் வாளும் வஞ்சகமுமே தென்படும் என்றும் அவர் காட்டினார். ஆண்டுகள் சென்றன. அரசின் தலையீட்டைக் கண்டிக்கும் ‘தனிமனிதனும் அரசும்’ என்ற கருத்துடைய நூலை 1884-இல் வெளியிட்டபோது, அவர் சொத்துடையோரின் அன்பிற்குரியவராகிவிட்டார். 1892-இல் வந்த சுருக்கப் பதிப்பில் அந்த ஒன்பதாம் அதிகாரம் காணப்படவில்லை. நிலவரிச் சீர்திருத்தக்காரரான ஹென்றி ஜார்ஜ் அதே ஆண்டில் ஒரு நூலே எழுதி இதனைக் கடுமையாகக் கண்டித்தார். எவ்வழியில் வந்தது என்ற கேள்வி அவ்வாறு ஒருமுறை தட்டிக்கழிக்கப்பட்டது.

ஸ்பென்ஸரின் சொற்கள் இந்திய மண்ணுக்கும் எட்டின. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டனில் அவருடைய தகனச் சடங்கு நடந்தபோது, கட்ச் பகுதியைச் சேர்ந்த சியாம்ஜி கிருஷ்ணவர்மா அங்கே எழுந்து, ஸ்பென்ஸர் பெயரால் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவு நடத்த 1,000 பவுன் தருவதாக அறிவித்தார். 1905-இல் அவர் தொடங்கிய பத்திரிகை, ஆக்கிரமிப்பை எதிர்ப்பது கடமை என்ற ஸ்பென்ஸரின் கருத்தை முகப்பிலே தாங்கி வந்தது. நம் வ. வே. சு. ஐயர் தங்கியிருந்த ‘இந்தியா ஹவுஸ்’ என்ற விடுதியை நிறுவியவரும் அவரே. ஆங்கிலேயன் தன் அரசுக்கு எதிராக எழுதிய தத்துவம், அடிமைப்பட்ட நாட்டான் கையில் ஒரு சாம்ராச்சியத்தைக் கூண்டில் ஏற்றும் கருவியாயிற்று. இந்நாடு உங்களுக்கு எவ்வழியில் வந்தது என்று கேட்க அது துணை செய்தது.

ஒப்பந்த விஷயத்தில் இக்கொள்கை பட்ட இடர்ப்பாட்டையும் சிறிது காண்போம். நியூயார்க் மாநிலத்தில் 1895-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ரொட்டிக் கிடங்குத் தொழிலாளியை நாளொன்றுக்கு 10 மணிக்கு மேலும், வாரத்திற்கு 60 மணிக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்பது அச்சட்டம். லாக்னர் என்னும் ரொட்டிக் கடை முதலாளி இதனை எதிர்த்து வழக்காடினார். முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தத்தில் அரசு தலையிடுவது உரிமைக்கு மாறானது என்று 1905-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், அமெரிக்க அரசியல் சட்டம் ஸ்பென்ஸரின் நூலைச் சட்டமாக்கவில்லை என்று இடித்துரைத்தார். இருவர் இசைந்தால் அது நீதி என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ஒருவனுக்கு வேறு வழியே இல்லாதபோது அவன் தரும் இசைவு எத்தகையது என்பதனை நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1937-இல் அதே நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்றபோது, லாக்னர் தீர்ப்பின் காலம் முடிவுற்றது.

இனி, இக்கொள்கையின் கூர்மையான சோதனைக்கு வருவோம். அடிமை முறையே அது. மனிதன் தனக்குத் தானே உடைமை என்றால், அடிமை வைத்திருப்பதைவிடப் பெரிய களவு வேறில்லை. 1833-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. அத்துடன் 2 கோடி பவுன் ஈட்டுத்தொகையும் ஒதுக்கிற்று. அந்தப் பணம் யாருக்குச் சென்றது? தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் பறிகொடுத்த அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. தொகை முழுவதும் எசமானர்களுக்குச் சென்றது. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015-ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. சொத்துரிமையைப் போற்றிய நாடு, களவு கொடுத்தவனை விட்டுக் களவு செய்தவனுக்கு ஈடு செய்தது.

இதனை அக்காலத்திலேயே நேராகச் சிந்தித்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் லைசாண்டர் ஸ்பூனர். அரசின் தனியுரிமைகளை வெறுத்த வழக்கறிஞர். 1844-இல் அரசாங்கத் தபாலுக்குப் போட்டியாகத் தாமே ஒரு கடிதக் கம்பெனி நடத்தினார். வழக்குகளால் அது மூடப்பட்டது. ஆனால் மறு ஆண்டே அரசு தபால் கட்டணத்தைக் குறைத்தது. அரசுத் தலையீட்டை இவ்வளவு எதிர்த்த அவர் 1858-இல் வெளியிட்ட ஒரு துண்டறிக்கையில், அடிமைகளுக்கு விடுதலைக்கு மட்டுமின்றி, பட்ட தீங்கிற்கு எசமானர்களின் சொத்திலிருந்து ஈடு பெறவும் இயற்கை உரிமை உண்டு என்று எழுதினார். கொள்கையை இறுதிவரை பின்பற்றினால் சேருமிடம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து அது ஒரு கணம் நடைமுறைக்கும் வந்தது. உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஜனவரியில், ஷெர்மன் என்னும் தளபதி தென் கடற்கரை ஓரத்து நிலங்களை விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பகிர்ந்தளிக்க ஆணையிட்டார். ஏறத்தாழ 40,000 மக்கள் அங்கே குடியேறி உழுதார்கள். அவர்களும் அவர்கள் முன்னோரும் வியர்வை சிந்திய மண் அது. லாக்கின் உழைப்பு வாதம் எங்கேனும் பொருந்துமாயின் அங்கே பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரு ஜான்சன் நிலங்களைப் பழைய உடையவர்களுக்கே திருப்பிக் கொடுக்க ஆணையிட்டார். விளைந்த பயிரை விட்டு மக்கள் வெளியேறினார்கள்.

இக்கொள்கையின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். லிபர்டேரியன் என்னும் சொல்லை அரசியல் பொருளில் 1857-இல் வழங்கியவர் ஜோசப் டெஜாக் என்ற பிரெஞ்சுத் தொழிலாளி. அவர் அரசையும் தனிச்சொத்தையும் ஒருங்கே மறுத்தவர். சென்னையில் 1887-இல் பிறந்து, இந்தியா ஹவுஸில் வாழ்ந்து, பின்னாளில் எல்லா அரசுகளையும் மறுக்கும் கொள்கையினராக மாறிய எம். பி. டி. ஆச்சாரியா இந்தப் பழைய பொருளுக்கு அருகில் நின்றவர். சந்தையையும் தனிச்சொத்தையும் போற்றுவோர் அப்பெயரை ஏற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில்தான்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் இராஜாஜி அறிவித்த சுதந்திராக் கட்சியையும் இவ்வரிசையில் சேர்ப்பாருண்டு. கூட்டுறவுப் பண்ணைத் திட்டத்தையும் பெர்மிட், லைசென்சு ஆட்சியையும் அக்கட்சி எதிர்த்தது. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. 1974-இல் வேறு கட்சிகளுடன் கலந்தது. எனினும் இராஜாஜியை முழுத் தன்னுரிமைவாதி என்று கூற இயலாது. 1937-இல் முதலமைச்சராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். ஒருவன் தன் உடலுக்குச் செய்துகொள்ளும் தீங்கையும் அரசு தடுக்கலாம் என்று அவர் நினைத்தார். ஸ்பூனர் அதனை ஏற்றிருக்கமாட்டார்.

இப்பொழுது நம் காலத்திற்கு அண்மையில் வருவோம். 1971-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் நீதி பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது கடைநிலையில் உள்ளவர்க்கு இயன்ற அளவு நன்மை தருமாறு அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. அதே பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ராபர்ட் நாசிக் 1974-இல் மறுப்பு நூல் எழுதினார். அவர் காட்டிய உவமை புகழ் பெற்றது. ஒரு நாட்டில் செல்வம் உங்களுக்குப் பிடித்தமான முறையில் பங்கிடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரர் ஆடுவதைக் காண 10 லட்சம் மக்கள் ஆளுக்குக் கால் டாலர் மனமுவந்து தருகிறார்கள். முடிவில் அவரிடம் இரண்டரை லட்சம் டாலர் சேர்ந்துவிடுகிறது. பழைய பங்கீடு குலைந்தது. ஆனால் யாருக்கு என்ன அநீதி நேர்ந்தது? பங்கீட்டை மீண்டும் பழைய அளவிற்குக் கொண்டுவர வேண்டுமாயின், மக்கள் மனமுவந்து செய்பவற்றில் அரசு ஓயாது குறுக்கிட வேண்டிவரும். இந்த வாதத்திற்கு விடை கூறாமல் சமத்துவம் பேசுவது எளிதன்று.

நாசிக் நீதியை மூன்று விதிகளாக வகுத்தார். யாருக்கும் உரியதல்லாத பொருளை நேரிய முறையில் முதலில் அடைதல் ஒன்று. அடைந்தவரிடமிருந்து இசைவோடு கைமாறுதல் இரண்டு. இவ்விரண்டும் மீறப்பட்ட இடத்தில் அத்தீங்கைத் திருத்துதல் மூன்று. அவரைப் போற்றுவோர் முதல் இரண்டையும் ஓங்கிக் கூறுகிறார்கள். மூன்றாவதை மெல்லக் கூறுகிறார்கள், அல்லது கூறாமலே விடுகிறார்கள். நாசிக்கோ அதனை மறைக்கவில்லை. பழைய அநீதிகள் மிகப் பெரியனவாயின், அவற்றைத் திருத்துவதற்காகச் சிறிது காலம் விரிந்த அதிகாரமுள்ள அரசும் தேவைப்படலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1989-இல் எழுதிய நூலில், தம் பழைய தன்னுரிமை நிலை போதாதது என்றும் கூறினார்.

பழைய தீங்கைத் திருத்துவது எளிதன்று என்பதை நானும் அறிவேன். களவு செய்தவன் இறந்துவிட்டான், இழந்தவனும் இறந்துவிட்டான். நிலம் பத்துக் கைகள் மாறிவிட்டது. இப்பொழுது வைத்திருப்பவன் உழைத்த காசைக் கொடுத்து வாங்கியவனாக இருக்கலாம். யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுப்பது? இத்தகைய கணக்கை முற்றும் தீர்த்த நீதிமன்றம் எந்த நாட்டிலும் இல்லை. ஆயினும் கணக்குக் கடினம் என்பதற்காகக் கடனே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது.

ஆதலின் இளைஞர்களுக்கு நான் கூறுவது இது. தன்னுரிமைக் கொள்கையை ஏற்றாலும் மறுத்தாலும் அதனை முழுமையாக அறிந்து ஏற்கவும் மறுக்கவும் முற்படுங்கள். அது உலகிற்குத் தந்த செல்வம் பெரிது. பெரும்பான்மையோர் கூடி முடிவு செய்தாலும் ஒரு மனிதனிடத்தில் செய்யத் தகாதவை சில உண்டு என்று அது கற்பித்தது. வரி கேட்கும் அரசும், படைக்கு ஆள் கேட்கும் அரசும், எழுத்தைத் தடுக்கும் அரசும் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற வழக்கத்தை உண்டாக்கியவர்களுள் நியூகேட் சிறையில் கிடந்த அந்த எழுத்தாளரும் ஒருவர். அக்கொள்கையை மறுப்பவர்கள் இந்த நன்றியை மறக்கலாகாது.

அதனை ஏற்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. என்னுடையதைத் தொடாதே என்று பிறரைத் தடுக்கும் உரிமை, இஃது எனக்கு எவ்வழியில் வந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டவனுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். முதற்கேள்வியைப் பிறரிடமும் இரண்டாம் கேள்வியைத் தம்மிடமும் கேட்கும் துணிவுடையார் பெருகும் நாட்டில், உரிமையும் நீதியும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை.